அத்திரம்பாக்கம்: கருவியின் வயது வேறு, நம் இனத்தின் வயது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அத்திரம்பாக்கம் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழன் வாழ்ந்த மண்’ என்ற தலைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அந்த இடத்துக்கு இருக்கும் உண்மையான பெருமையை இந்தத் தலைப்பே மறைத்துவிடுவதால் எழுதுகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் பகுதியில் இருக்கும் இந்தத் தொல்லியல் இடத்தை 1863-ல் கண்டறிந்தவர் புவியியல் ஆய்வாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பிற்காலத்தில் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அகழாய்வு செய்து, 2011-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கணக்குதான் இந்த 15 லட்சம். சரியாகச் சொன்னால் 15.1 லட்சம், கூடக்குறைய 70 ஆயிரம். எவ்வளவு குறைத்துப் பார்த்தாலும் 10.7 லட்சத்துக்குக் கீழே போகாது என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இது கைக்கோடரி போன்ற கற்கருவிகள் மண்ணுக்குள் புதைந்த காலம். கல் வெளியே கிடக்கும்போது விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டு, அதிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய, காலப்போக்கில் சிதையும் இரண்டு அணுவகைகளும் ஏறத்தாழ ஏழுக்கு ஒன்று என்ற விகிதத்தில் உருவாகின்றன. ஆழமாகப் புதைந்ததும் அது நின்றுபோகும். அலுமினியம் சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகும். பெரிலியத்துக்கு ஏறக்குறைய 14 லட்சம் ஆண்டுகள் வேண்டும். எனவே விகிதம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தால் வயது தெரியும். கல் போதிய ஆழத்தில் புதையவில்லை என்றால் கதிர் தொடர்ந்து பட்டு வயது குறைவாகக் காட்டும். முன்பே ஒருமுறை புதைந்து வெளிவந்த கல் என்றால் கூடுதலாகக் காட்டும்.

சிலர் இதைக் ‘கார்பன் சோதனை’ என்று எழுதிவிடுகிறார்கள். ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருளில் மிஞ்சும் கார்பன்-14-ஐ அளக்கும் ரேடியோ கார்பன் முறை சுமார் 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லாது. கார்பன்-14 முற்றிலும் தீர்ந்துபோன பழம்பொருளில் 1 சதவீதம் இக்காலக் கார்பன் கலந்தாலே 37 ஆயிரம் ஆண்டு என்று காட்டிவிடும். லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சே எழாது.

சரி, அந்தக் கைக்கோடரிகளைச் செய்தவர் யார்? அத்திரம்பாக்கத்தில் நடந்த இந்த அகழாய்வுகளில் மனித எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் நம் ஹோமோ சேப்பியன்ஸ் இனத்தவர் அல்லர் என்று சொல்லலாம். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகளாக இன்று கருதப்படுபவை மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத்தில் கிடைத்தவை. அங்கே தீயில் சூடேறிய கற்களை, கடைசியாகச் சூடேறிய காலத்தைக் காட்டும் வெப்ப ஒளிர்வு முறையில் கணித்து, 3.15 லட்சம் ஆண்டு, கூடக்குறைய 34 ஆயிரம் என்று 2017-ல் அறிவித்தார்கள். அந்த மண்டையோடுகளிலும் முகம்தான் நம்முடையதைப் போன்றது. மூளைப்பகுதி தாழ்வாக, பின்னோக்கி நீண்டிருக்கிறது. நம்முடையதைப் போல உருண்டையாக இல்லை. நம் உருவம் ஒரே நாளில் வந்ததல்ல, பகுதி பகுதியாகச் சேர்ந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2018-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த இரண்டாவது முடிவு இன்னும் முக்கியமானது. அதை நாம் போதிய அளவு பேசவே இல்லை. கைக்கோடரிகள் குறைந்து, முன்கூட்டியே வடிவமைத்த கல்லிலிருந்து செதில் எடுக்கும் லெவல்லாய் நுட்பம் அத்திரம்பாக்கத்தில் சுமார் 3.85 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. பிழை வரம்பு 64 ஆயிரம். இங்கே கணித்தது, மண்துகள்களில் சேர்ந்திருக்கும் ஒளிர்வை அளந்து, அவை கடைசியாக வெயில் கண்ட காலத்தை. வெளிச்சம் பட்டால் அந்த ஒளிர்வு நீங்கிவிடும். இத்தகைய ஆய்வில் ஒளிபுகாத குழாயைக் குழிச்சுவரில் அடித்து மாதிரி எடுத்து, மங்கிய சிவப்பு விளக்கில்தான் பிரிப்பார்கள். பழைய ஒளிர்வு வெயிலில் முழுமையாக நீங்காமல், அதாவது துகள்கள் ‘வெளுக்காமல்’ புதைந்திருந்தால் வயது கூடிவிடும். மண்ணின் ஈரத்தைத் தவறாக மதிப்பிட்டாலும் கணக்குப் பிசகும்.

இந்த நுட்பத்தை வைத்துக்கொண்டும் செய்தவர் யாரென்று சொல்ல முடியாது. ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் என்னும், அழிந்துபோன மற்றொரு மனித இனத்தவரும் இதே முறையில் கல் உடைத்தார்கள். தெற்காசியாவில் கிடைத்துள்ள மிகப் பழைய ஹோமோ சேப்பியன்ஸ் எலும்புகள் இலங்கைக் குகைகளில் கிடைத்தவை. அவை 50 ஆயிரம் ஆண்டுகளுக்கு உட்பட்டவை. மொழியின் பெயரையோ இனத்தின் பெயரையோ லட்சக்கணக்கான ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டுபோய் ஒட்ட எந்தச் சான்றும் கிடையாது.

இனி வயது அச்சிடும்போது எந்தப் பொருளைக் கணித்தார்கள், எந்த முறையில், பிழை வரம்பு எவ்வளவு என்ற மூன்றையும் சேர்த்தே போடும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘கற்கருவிகள் புதைந்து சுமார் 15 லட்சம் ஆண்டு, செய்தவர்களின் எலும்பு கிடைக்கவில்லை’ என்று எழுத ஒரு வரி போதும்.

இப்படிக்கு,
தொல்லியல் ஆசிரியர் ஒருவர்,
சென்னை