பழைய பில்டரை வாங்கு, உள்ளே இருக்கும் ஸ்பான்ச் வேண்டாம்

பாப்பா,

நீ அனுப்பின போட்டோவை நேற்று ராத்திரி பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடி வீட்டுக்காரர் பெங்களூரை விட்டே போகிறார், ஒன்பது வருஷம் ஓடின தன் மீன் தொட்டி பில்டரை, ஐஹைம் 2213-ஐ, நாலாயிரத்துக்குத் தருகிறார், அதை வாங்கவா, புதுசு வாங்கவா என்று கேட்டிருந்தாய். அம்மா உடனே "அடுத்தவங்க அழுக்கு எதுக்கு, புதுசே வாங்கச் சொல்லுங்க" என்றாள். அவள் சொல்வதில் பாதி சரி.

மெஷினை வாங்கு. அது ஜெர்மன் கம்பெனியின் கேனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைத்துக் குழாயால் இணைக்கிற டப்பா பில்டர், பல வருஷமாக அதே வடிவில்தான் செய்கிறார்கள், அதனால் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சின்ன விசிறி), ஓ-ரிங் (மூடியில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), குழாய் என்று எது போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். எட்டு வாட்ஸ்தான். மணிக்கு 440 லிட்டர் தள்ளும் என்பது கம்பெனி கணக்கு, உள்ளே செராமிக் ரிங்கும் பஞ்சும் அடைத்தபிறகு குறையும்தான், ஆனாலும் உன் மூன்றடி தொட்டியில் கல், மணல் போக நிற்கிற நூறு லிட்டருக்குப் போதும். பேர் தெரியாத மாடலாக இருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அதில் ஒரு வாஷர் போனால் மொத்தமும் குப்பை. ஏர் பம்பில் ஓடுகிற சின்ன ஸ்பான்ச் பில்டர் என்றால் பழசைப் பற்றி யோசிக்கவே கூடாது, புதுசே சில நூறு ரூபாய்தான்.

காசு கொடுக்குமுன் அங்கேயே ஒரு பக்கெட் தண்ணீரில் ஓட்டிக் காட்டச் சொல். முதலில் கரகரவென்று சத்தம் வந்தால் அது உள்ளே இருக்கும் காற்று. பத்து நிமிஷம் ஆகியும் நிற்கவில்லை என்றால் இம்பெல்லரோ அதன் தண்டோ தேய்ந்திருக்கும், அதை மாற்றிவிடலாம், விலையில் குறைத்துக் கேள். டப்பாவிலோ கிளிப்பிலோ விரிசல் இருந்தாலும், வயர் விறைத்து வெடித்திருந்தாலும் வாங்காமல் வந்துவிடு. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஓ-ரிங்கைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்று. அதற்கு வாஸ்லைன் தடவாதே, ரப்பர் ஊதிப்போகும், சிலிகான் கிரீஸ்தான் தடவணும். அப்புறம் ஒரு ராத்திரி முழுக்கப் பழைய பேப்பர் மேல் வைத்து பக்கெட்டோடு ஓட்டு, காலையில் பேப்பர் காய்ந்தே இருக்கணும். கேனிஸ்டர் கசிந்தால் தொட்டித் தண்ணீர் முழுக்கத் தரைக்கு வந்துவிடும், நீ இருப்பது மூன்றாவது மாடி.

இப்போது அம்மா சொன்ன பாதி. நீ ஒன்பதாவது படிக்கும்போது கொளத்தூரில் ஒரு பழைய பில்டர் வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? "பாக்டீரியா எல்லாம் ரெடியா இருக்கு, அப்படியே மாட்டுங்க" என்றார் விற்றவர், நானும் அப்படியே மாட்டினேன். ஆறாம் நாள் ஏஞ்சல் மீன் மேல் வெள்ளைப் புள்ளி. அந்த மாதம் தொட்டிக்குள் புதிதாக வேறெதுவும் போகவில்லை. ஜோடி இரண்டும் செத்த அன்று நீ பள்ளிக்கூடம் போகாமல் தொட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தாய். சீசன் மாறுது, அதான் என்று உன்னிடம் சொன்னேன். அப்படி இல்லை, தப்பு என் மேல்தான், இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

விற்றவர் சொன்னதில் பொய் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா ஸ்பான்சில்தான் குடியிருக்கிறது, புதுத் தொட்டியில் அது சேர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆனால் ஈரமாக வந்தால் அந்தத் தொட்டியின் நோயும் கூடவே வரும். பில்டரை நிறுத்தி மூடி வைத்திருந்தாலோ காற்றில்லாமல் பாக்டீரியா செத்து, அழுகின முட்டை வாசனைதான் மிஞ்சும். அதனால் ஸ்பான்சைத் தூக்கிப் போடு. செராமிக் ரிங்கைக் கொதிக்க வை. டப்பாவையும் குழாயையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, ஒரு வாரம் நன்றாகக் காயவிடு. மாடி வீட்டுக்காரர் தன் தொட்டியில் செம்பு கலந்த மருந்து போட்டிருந்தாரா என்றும் கேள், நீ இறால் வளர்க்க ஆசைப்படுகிறாய், அதற்குச் செம்பு ஆகாது.

பாக்டீரியாவுக்கு நான் பொறுப்பு. நம் தொட்டி பில்டரில் இரண்டு வருஷமாக இருக்கும் ஸ்பான்சில் பாதியை வெட்டி, கொஞ்சம் தொட்டித் தண்ணீரும் நிறையக் காற்றும் விட்ட கவரில் கட்டி, வருகிற இரண்டாம் சனிக்கிழமை பிருந்தாவன் ரயிலில் கொண்டுவருகிறேன். ஆறு மணி நேரம்தானே, தாங்கும். நான் வரும்வரை மீன் வாங்காதே.

வயரை பிளக் பக்கத்தில் கிட்டத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பு.

அப்பா