திரைச்சீலைக் கம்பியும் நம் சேனல்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிகளில் பெண் வேடத்தைக்கூட ஆண்களே புடவை கட்டிக்கொண்டு நடிப்பதைப் பார்த்துச் சலித்தவள் என்பதால், அமெரிக்க நடிகை கேரல் பர்னெட்டைப் பற்றி எழுதத் தோன்றியது. 1933-இல் டெக்சஸின் சான் அன்டோனியோவில் பிறந்து, ஹாலிவுட்டில் ஓர் ஒற்றை அறைக் குடியிருப்பில் பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். பல்சுவை நிகழ்ச்சி ஆண்களுக்கே உரியது என்று சிபிஎஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் நிர்வாகம் தயங்கியபோது, தம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதியைச் சுட்டிக்காட்டி, தம் பெயரிலேயே நிகழ்ச்சியைப் பெற்று, 1967 முதல் 1978 வரை 11 பருவங்கள் நடத்தினார். ஜன்னல் திரைச்சீலையைக் கம்பியோடு சேர்த்து உடையாக அணிந்து அவர் மாடிப்படியில் இறங்கிவந்த 1976-ஆம் ஆண்டுக் காட்சி இன்றும் சிரிக்க வைக்கிறது. அந்த உடை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கே போய்விட்டது! நிகழ்ச்சி முடியும்போதெல்லாம் காது மடலை இழுத்துக்காட்டுவார். அது பாட்டிக்கு அவர் அனுப்பிய சேதி.

சென்னையின் சபா மேடைகளில் சிரிக்க வைக்கத் தெரிந்த பெண்களுக்குக் குறைவில்லை. அவர்களில் ஒருவரை மையமாக வைத்து வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க நம் சேனல்கள் ஏன் யோசிக்கின்றன?

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாப்பூர், சென்னை.