கோப்பு எங்கே காத்திருக்கிறது?

குலசேகரம்

அன்புள்ள மகளுக்கு,

உன் பிரிவில் மருத்துவச் செலவுக்கான இழப்பீட்டுக் கோப்புகள் தேங்கிக் கிடக்கின்றன என்றும், இன்னும் இரண்டு பேரைத் தரும்படி மேலிடத்தில் கேட்டிருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னாய். அதற்குள் அம்மா பேச வந்துவிட்டதால் நான் கேட்க நினைத்தது நின்றுபோயிற்று. ஆள் குறைவு என்று முடிவு செய்யுமுன், கோப்புகள் எந்த மேசையில் காத்திருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தாயா என்பதே என் கேள்வி.

ரப்பர் தோட்டத்தில் நான் மேற்பார்வை பார்த்த ஷீட் புரையை, அதாவது ரப்பர் பாலைத் தகடாக்கும் கொட்டகையை, நீ சிறு வயதிலேயே கண்டிருக்கிறாய். விடியுமுன் பட்டை வெட்டிய மரங்களிலிருந்து எடுத்து வரும் பாலை வடிகட்டி, தண்ணீர் சேர்த்து, ஆசிட் விட்டுத் தட்டுகளில் உறைய வைத்து, மறுநாள் ரோலரில் அடித்து, ஈரம் வடிந்தபின் புகையில் உலர்த்தும் அறையான புகைப்புரையில் ஏற்றுவோம். அதற்குள் ஒரு ஷீட் ஏறக்குறைய நான்கு நாள் தொங்க வேண்டும். உள்ளே 800 ஷீட்டுக்குத்தான் இடம் என்றால், நாளொன்றுக்கு 200 ஷீட்டுக்கு மேல் எவராலும் எடுக்க முடியாது. வெட்டுக்காரர் எத்தனை பேர் என்பதும் ரோலர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதும் அந்தக் கணக்கை மாற்றாது. இது தெரியாமல் தோட்டத்தில் ஒரு முறை இரண்டாவது ரோலர் வாங்கினார்கள். ரோலருக்கு முன்னால் இருந்த குவியல் புகைப்புரை வாசலுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். வெளியே காத்துக் கிடந்த ஷீட்டில் பூஞ்சை பிடித்து, ஆர்.எஸ்.எஸ். (புகையூட்டிய ஷீட்) 4-ஆம் தரம் என்று போயிருக்க வேண்டிய சரக்கு 5-ஆம் தரத்துக்கு இறங்கியது.

இதே கணக்கைத்தான் ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-இல் எல்லா வரிசைகளுக்கும் பொருந்தும்படி நிறுவினார்: சராசரியாக உள்ளே கிடக்கும் எண்ணிக்கை என்பது, ஒரு நாளில் வந்து சேரும் எண்ணிக்கையை ஒவ்வொன்றும் தங்கும் நாட்களால் பெருக்கியது. நாளுக்கு 40 கோப்பு வருகிறது, உன் ஒப்புதலுக்காக எப்போதும் 200 கிடக்கிறது என்றாய். அப்படியானால் ஒவ்வொரு கோப்பும் உன்னிடம் ஐந்து நாள் தங்குகிறது. ஒன்றைப் படித்துக் கையெழுத்திட உனக்குப் பத்து நிமிடம்தான் ஆகிறது என்றும் நீயே சொன்னாய். மீதி நேரமெல்லாம் அது வெறுமனே காத்திருக்கிறது. ஆகவே, மகளே, உன் பிரிவின் புகைப்புரை நீதான். கீழே இரண்டு பேரைச் சேர்த்தால் உன் மேசைக்கு இன்னும் வேகமாகக் கோப்பு வந்து சேரும்.

இது உன் சோம்பலால் வந்தது என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில் இப்படி வேலை தேங்கும் இடுக்கு யாரும் திட்டமிடாமலேயே உருவாகிறது. எப்போதோ ஒரு தவறு நடந்திருக்கும்; அதைத் தடுக்க ஒரு கூடுதல் கையெழுத்தைச் சேர்த்திருப்பார்கள்; தவறு மறந்துபோன பின்னும் கையெழுத்து நிலைத்துவிடும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டவை உன்னிடம் வர வேண்டும் என்ற விதியை நீ பதவிக்கு வருமுன்னரே வகுத்திருக்கிறார்கள். அதன் பிறகு மருத்துவச் செலவு ஏறிக்கொண்டே போக, வரம்பு மட்டும் அங்கேயே நிற்கிறது என்றால், அன்று அபூர்வமாக வந்த கோப்பு இன்று அன்றாடக் கோப்பாகிவிடும். ஆள் கேட்கும் மடலுக்குப் பதில் வரம்பை உயர்த்தக் கேட்கும் மடலை எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

இன்னொரு காரணம், திரும்பி வரும் வேலை. புகைப்புரையிலிருந்து எடுத்த ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது நடுவே வெள்ளையாக ஈரப்புள்ளி தெரிந்தால் மீண்டும் உள்ளே ஏற்ற வேண்டும். ஒரே ஷீட் இரண்டு ஷீட்டின் இடத்தைத் தின்னும். அதனால்தான் தடித்த ஷீட்டை ரோலரிடமே பொறுக்கி எடுத்தோம். மருத்துவமனை ரசீது இல்லாத கோப்பை நீ படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பினால், அதற்குச் செலவான நிமிடங்கள் உன்னிடமிருந்து போனவை; உன்னிடமோ அவைதான் குறைவு. ஆவணங்கள் முழுமையாக உள்ளனவா என்ற சோதனை உன் மேசைக்கு முன்னால் நடக்க வேண்டும்.

மாலையில் மொத்தமாக உட்கார்ந்து கையெழுத்திடுகிறாய் என்று அம்மா சொன்னாள். உனக்கு அது வசதி. பணம் அனுப்பும் பிரிவுக்கோ பகல் முழுவதும் வேலையில்லாமலும் மறுநாள் காலையில் மூச்சுவிட முடியாமலும் போகும். சிறு சிறு கட்டாக அனுப்பு.

எல்லோரும் எந்நேரமும் முழுமூச்சாக வேலை செய்தால் தேக்கம் தீரும் என்று உன் மேலாளர் கருதுவதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்குப் பருவமும் உண்டு. மழை விட்ட மறுநாள் எல்லாத் தொகுதியிலும் ஒன்றாக வெட்டு நடந்து பால் வந்து குவியும். அந்த நாளுக்கென்று சிறிது இடம் காலியாக இல்லாவிட்டால் வாரம் முழுவதும் குழப்பம்தான். கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்துக்காக ஏர்லாங் என்பவர் 1909-இல் தொடங்கிய வரிசைக் கணிதம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வேலை ஒழுங்கற்று வந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் பலவாறாக வேறுபடும் ஒரு மேசையில், இருப்பவரின் நேரத்தில் பாதி நிரம்பியிருந்தால் ஒரு கோப்பு கடந்துபோகச் சராசரியாக அதைச் செய்ய ஆகும் நேரத்தைப் போல் 2 மடங்கு ஆகும். 80 சதவீதம் நிரம்பினால் 5 மடங்கு, 90 என்றால் 10, 95 என்றால் 20. கடைசிச் சில சதவீதத்தைப் பிழிந்தெடுப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இந்த வாரம் ஒவ்வொரு கோப்பின் மேலும், அது ஒரு மேசைக்கு வந்த நேரத்தையும் விட்டுச் சென்ற நேரத்தையும் எழுதச் சொல். உன் மேசையின் கூட்டம் குறைந்தால் அடுத்து மருத்துவக் கருத்துக் கேட்கும் இடத்தில் கூட்டம் சேரும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரே ஒரு மருத்துவர்தான் இருக்கிறார் என்றாய். அவர் விடுப்பில் போகும் நாளில் யார் பார்ப்பார் என்று இப்போதே கேட்டு வை. நேரக் குறிப்புகள் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்பு. ஆள் கேட்ட மடலை அதுவரை நிறுத்தி வைக்க முடியுமா என்றும் பார்.

அன்புடன்,
அப்பா