உச்ச வேகம் இருக்கட்டும், டயரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாகனப் பக்கத்தில் ஃபோர்டு மஸ்டாங் ஜிடியையும் போர்ஷே 718 கேமனையும் ஒப்பிட்டு வந்த கட்டுரையைப் படித்தேன். செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் கார் தேடுபவர்களுக்கு என்று போட்டிருந்தீர்கள். குதிரைத்திறன், உச்ச வேகம், நூறை எட்ட எத்தனை விநாடி என்று கட்டம் கட்டமாக விவரம். கேமன் 275 கிலோமீட்டர் வேகம் போகுமாம், மஸ்டாங் 250 தானாம். கடலூர் சாலையில் முள்ளோடைக்கும் ரெட்டிச்சாவடிக்கும் நடுவில் இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது? வாங்குகிறவர் எப்படி ஓட்டுகிறவர் என்ற கேள்வியைக் கட்டுரை கேட்கவே இல்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

வில்லியனூர் சாலையில் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் பட்டறை வைத்திருக்கிறேன். வரி குறைவு என்று புதுச்சேரிப் பதிவான பிஒய்-01 எண் வாங்கிய சொகுசுக் கார்களில் பல புதுச்சேரிப் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை. ஊருக்குள் ஓடுகிறவற்றில் சில என்னிடம் வரும்.

ஓட்டுகிறவரின் குணம் டயரில் தெரிந்துவிடும். முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால், வேகத்தைக் குறைக்காமலே வளைவில் ஸ்டீயரிங்கை ஒடிக்கிறவர். அலைன்மென்ட் கெட்டிருந்தாலும் அப்படித் தேயும். மிஷினில் ஏற்றினால் எது என்று தெரிந்துவிடும். பின் சக்கரம் இழுக்கும் வண்டியில் பின் டயர் பட்டன் சீக்கிரம் போனால், கிளம்பும்போதே ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கிற கால். நான்கு டயரும் சீராக இருந்து, பிரேக் பேடு மட்டும் அடிக்கடி தீர்ந்தால், முன்னால் போகும் பஸ்ஸின் முதுகுவரை விரட்டிப் போய் மிதிக்கிறவர்.

சரி, இந்த இரண்டு வண்டிக்கு வருவோம். கேமனுக்கு இன்ஜின் இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. எடையெல்லாம் நடுவில் சேர்வதால் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் மூக்கு திரும்பும். வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துக்கொண்டு, காலைப் பதமாக வைக்கிறவருக்கு ஏற்ற வண்டி. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து வெடுக்கென்று காலை எடுக்கிறவருக்குப் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். எலக்ட்ரானிக்ஸ் பிடித்துக்கொள்ளும்தான், ஆனால் அதை நம்பியே ஓட்டுவதற்கு இவ்வளவு விலை எதற்கு? அப்புறம், முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அகலம் என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது. போர்ஷே ஒப்புதல் தந்த ‘என்’ குறியுள்ள டயராகப் பார்த்துப் போட வேண்டும்.

மஸ்டாங் வேறு ஜாதி. மூக்கில் எட்டு சிலிண்டர் கொண்ட 5 லிட்டர் வி8 இன்ஜின், கிட்டத்தட்ட 400 குதிரைத்திறன், இந்தியாவில் விற்ற ஜிடிக்கு 6 கியர் ஆட்டோமேட்டிக் மட்டும். விடியற்காலையில் ஈசிஆரில் நேராகப் போகிறவர், சத்தத்துக்காகவே காரை எடுக்கிறவர், பின்னால் இரண்டு பிள்ளைகளை எப்படியாவது அடைத்து உட்கார வைக்க வேண்டியவர் இதைத்தான் வாங்க வேண்டும். கேமனில் பின் இருக்கையே கிடையாது. ஆனால் கார்த்திகை மழையில் மரக்காணம் உப்பளப் பக்கம் தண்ணீர் தேங்கிய ரோட்டில் அழுத்தி மிதிக்கிற கால் மஸ்டாங்குக்கு ஆகாது. அத்தனை விசையும் பின் டயர் இரண்டுக்குத்தான் போகிறது.

பண்ருட்டி முந்திரி வியாபாரி ஒருவர் இதே இரண்டில் எது என்று கேட்டு வந்தார். மனசு கேமனில்தான் இருந்தது. அவருடைய பழைய செடானை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தேன். டயர் ஓரமெல்லாம் புதுசு போல இருந்தது, முன் பிரேக் பேடு மட்டும் காகிதமாகியிருந்தது. வளைவுகளை அவர் ரசித்ததே இல்லை. “அண்ணே, நீங்க மஸ்டாங் ஆளு” என்றேன். முகம் வாடிவிட்டது. “கொல்லிமலைக்குப் போவேன்ல?” என்றார். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு இருப்பது உண்மைதான், வருஷத்துக்கு எத்தனை தடவை போவார்? மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்துக்குப் போகிறவராக இருந்தால் நானே கேமன் என்று சொல்லியிருப்பேன்.

வேகத்தடை விஷயத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. மஸ்டாங்கின் முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2,720 மில்லிமீட்டர், கேமனுக்கு 2,475. தரையிலிருந்து உயரம் ஒன்றாக இருந்தால், நடுவயிறு நீளமாக இருக்கிற வண்டிதான் மேட்டில் முதலில் உரசும். கிருமாம்பாக்கம் வழியாகத் தினமும் கடலூர் போய்வருகிறவருக்கு இந்தக் கால் மீட்டர் வித்தியாசம் குதிரைத்திறனைவிட முக்கியம்.

அடுத்த ஒப்பீட்டில் உச்ச வேகக் கட்டத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு செட் டயர் என்ன விலை, ஈர ரோட்டில் வண்டி எப்படி நிற்கிறது என்று போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் பட்டறைக்காரர்,
வில்லியனூர் சாலை, புதுச்சேரி