குட்டி மைக்கலின் அம்மாவுக்கு

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்பு மகளுக்கு,

நாங்கள் நல்ல சுகம். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்துவிட்டது, சிறுபோகம் விதைத்தாயிற்று. அப்பாவுக்கு முழங்கால் உளைவு இருந்தபடிதான், ஆனாலும் வயலுக்குப் போகாமல் இருக்கமாட்டார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன கிழமை மருமகன் போனில், "மாமி, எங்கட சின்னவன் இனிக் குட்டி மைக்கல் ஜக்சன், பாருங்கோ" என்றார். லண்டனிலும் பாரிசிலும் பிள்ளைகளை மேடையேற்ற ஒருவர் ஐந்து வருட ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறாராம். மனிதருக்குச் சந்தோஷத்தில் பேச்சே வரவில்லை. நானும் "நல்லது தம்பி" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். மாமியார் புத்தி சொன்னால் எந்த மருமகனுக்குப் பிடிக்கும்? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். போனில் சொன்னால் "ம்ம், ம்ம்" என்றபடி நீ கோப்பை கழுவுவாய். கடிதம் என்றால் இருந்து வாசிப்பாய்.

மைக்கல் ஜக்சன் எனக்குத் தெரியாத ஆள் இல்லை. உன் சின்னமாமா எண்பதுகளில் தலைமயிரைச் சுருட்டிக்கொண்டு பரந்தன் சந்தியில் நின்ற கோலத்தை யார் மறப்பார்? ஆனால் அந்த மனிதர் வளர்ந்த கதையைத் தேடிப் பார்த்தது இப்போதுதான். பக்கத்து வீட்டுப் பொடியன் போனில் பழைய பேட்டிகளை எடுத்துத் தந்து, எனக்குப் பிடிபடாத இங்கிலீசையும் விளங்கப்படுத்தினான்.

இந்தியானா மாநிலத்தில் கேரி என்று ஓர் உருக்காலை ஊர். தகப்பன் ஜோ அங்கே கிரேன் ஓட்டியவர். உன் தாத்தா பரந்தன் கெமிக்கல் பக்டரியில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்தாரே, அதே சீவியம்தான். இரண்டு அறை வீட்டில் தாய் தகப்பனோடு ஒன்பது பிள்ளைகள். (தெருவின் பெயரும் ஜக்சன் தெருதான். இவர்களால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதே, முந்தியே அப்படித்தான்.) ஜோ இளமையில் ஒரு கோஷ்டி வைத்திருந்தார், அது எடுபடவில்லை. மிஞ்சியது ஒரு கிற்றார். அதை யாரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து டிட்டோ என்ற மகன் எடுத்து வாசிப்பான். ஒருநாள் கம்பி அறுந்துபோனது. வந்து பார்த்த தகப்பன் நன்றாக ஏசிவிட்டு, எங்கே வாசி பார்ப்போம் என்றாராம். பையன் வாசித்துக் காட்டியதும், கைவிட்ட கோஷ்டி ஆசை ஜோவுக்குத் திரும்பவும் தொற்றிக்கொண்டது.

1964இல் அண்ணன்மாரின் கோஷ்டியில் மைக்கலைச் சேர்த்தபோது அவனுக்கு ஆறு வயதும் நிரம்பவில்லை. முதலில் மேளம் தட்டத்தான். அவனுக்குப் பாட வரும் என்று கண்டுபிடித்துச் சொன்னவர் தாய் கத்தரின். தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு மேடைச் சட்டை தைத்துக் கொடுத்ததும் அந்த அம்மாதான். அப்புறம் கிளப் கிளப்பாகப் பாட்டு. சாமம் தாண்டி வீட்டுக்கு வந்து, விடிந்ததும் பள்ளிக்கூடம். உடுப்பைக் கழற்றி ஆடுகிற இடங்களிலும் அந்தப் பச்சைப்பிள்ளை பாடியிருக்கிறான். சனம் மேடைக்கு எறிகிற சில்லறையைப் பொறுக்கிக் காற்சட்டைப் பைக்குள் நிரப்பி, இனிப்பு வாங்குவானாம்.

இதைக் கேட்டபோது, கலியாண மண்டபத்தில் எடுத்து நீ அனுப்பிய வீடியோதான் எனக்கு ஞாபகம் வந்தது. சின்னவன் பாடிக்கொண்டிருக்க, ஆட்கள் வந்து அவன் சேட்டில் டொலர்த் தாள் குத்துகிறார்கள். எங்கள் ஊரிலும் நாதஸ்வரக்காரருக்குக் குத்துவார்கள், அதில் பிழை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆளும் கிட்ட வரும்போது, ஊசி பட்டுவிடுமோ என்று அவன் வயிற்றை உள்ளே இழுக்கிறான். பாட்டை விடவில்லை, சிரிப்பையும் விடவில்லை, வயிறு மட்டும் உள்ளே போகிறது. நீ கவனித்தாயா?

1969இல் மோட்டவுன் கம்பனி அவர்களின் பாட்டுகளை வெளியிடத் தொடங்கியது. முதல் நான்கும் அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்தன. மைக்கலுக்கு அப்போது பதினொரு வயது. எட்டு வயது என்று சொல்லச் சொன்னது கம்பனி. பிள்ளைகளைக் கண்டெடுத்தது பாடகி டயானா ரோஸ் என்று இன்னொரு கதையும் கட்டிவிட்டார்கள். மருமகனும் மேடையில் சின்னவனை "ஏழு வயது" என்றுதானே அறிமுகப்படுத்துகிறார்? வருகிற ஆவணியில் அவனுக்கு ஒன்பது. எனக்குத்தான் கணக்குப் பிழைத்ததோ என்று நான் கலண்டரை எடுத்துப் பார்த்தேன்.

மைக்கல் பாட்டுப் பதிவு செய்த இடத்துக்கு எதிரே ஒரு பூங்கா இருந்ததாம். மற்றப் பிள்ளைகள் அங்கே விளையாடுகிற சத்தம் கேட்கும்போது அழுகை வரும் என்று வளர்ந்த பிறகும் அவர் சொல்லியிருக்கிறார். சின்னவனுக்குச் சனிக்கிழமை ஒத்திகை, ஞாயிற்றுக்கிழமை மேடை என்றால், அவன் சைக்கிள் ஓடுவது எப்போது?

இனி அந்த ஒப்பந்தம். ஐந்து வருடம் என்பதுதான் என்னை உறங்கவிடாமல் செய்கிறது. நான் சங்கீத ரீச்சராக இருந்தவள், பொடியன்களின் குரல் எனக்குத் தெரியும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மகரக்கட்டு உடையும். குரல்வளை பெருக்கும், குரல்நாண் நீளும், நேற்று எட்டிய மேல் சட்ஜம் இன்று எட்டாது. 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரத்தில் மரத்தடியில் வகுப்பு நடத்தினோமே, அப்போது தேவாரம் பாடுகிற ஒரு பொடியன் இருந்தான், உனக்கு நினைவிருக்கும். மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அவன் பாடினால் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். ஒருநாள் பதிகத்தின் நடுவிலே குரல் கிறீச்சிட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தாய் கண்ணூறு என்று நினைத்துக் கையில் நூல் கட்டினார். அடுத்த நாளிலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. நான் வீட்டுக்குப் போய், கத்தாதே, மேடை வேண்டாம், சுருதிப்பெட்டியோடு கீழ் ஸ்தாயியில் மட்டும் மெதுவாகப் பாடிக்கொண்டிரு என்றேன். ஒரு வருடத்துக்கு மேலே பிடித்தது. இப்போது அவன் எங்கள் சிவன் கோயிலில் பாடுவதை வந்து கேட்டுப் பார்!

அவனுக்கு ஒப்பந்தம் கிடையாது, அதனால் ஒரு வருடம் பொறுக்க முடிந்தது. சின்னவனுக்கு இப்போது கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தம் முடிவதும் அவன் குரல் உடைவதும் ஒரே காலத்தில் வந்து நிற்கும். பாடமுடியாத மாதங்களுக்கு அந்தக் கடதாசி என்ன சொல்கிறது? மேடையை நிறுத்தினால் நட்டஈடு யார் கட்டுவது?

மைக்கலுக்கும் அந்தக் காலம் வந்தது. 1972இல், பதினான்கு வயதில், தனியாகப் பாடிய பாட்டொன்று முதலிடத்துக்கு வந்தது. அதன் பிறகு தனிப்பாட்டில் அந்த இடத்தை எட்டப் பல வருடம் பிடித்தது. வளர்ந்துவிட்டான், முகமெல்லாம் பரு. குட்டி மைக்கலைப் பார்க்க ஆசையோடு வருகிறவர்கள் இவனைக் கடந்து போய்த் தேடுவார்களாம். 1979இல் வந்த அல்பம்தான் அவரைப் பெரியவராக நிறுத்தியது. இருபத்தொரு வயது நிரம்பப்போகிற நேரம். அந்தக் காலத்திலேயே தகப்பனை மனேச்சர் பொறுப்பிலிருந்தும் விலக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததை உலகமே அறியும். 1982இல் 'திரில்லர்', அடுத்த வருடம் தொலைக்காட்சியில் பின்னோக்கி வழுக்கிய அந்த நடை, 1984இல் ஒரே இரவில் எட்டு கிராமி விருதுகள். கடைசிக் காலத்து வழக்குகளையும் குற்றச்சாட்டுகளையும் நான் இங்கே இழுக்கவில்லை. அது வேறு கதை, இலேசான கதையும் இல்லை.

அவர் செத்த செய்தி வந்தபோது நீ என் பக்கத்தில்தான் நின்றாய். 2009 ஜூன் கடைசி. சண்டை முடிந்து நாங்கள் இருந்த செட்டிகுளம் முகாமில் தண்ணீர் பவுசருக்கு வரிசை. யாரோ ஒரு பொடியன் ரேடியோவில் கேட்டுவிட்டு வந்து சொன்னான். வரிசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நீ மட்டும், "ஐம்பது வயதுதானாம் அம்மா" என்றாய். எங்களோடு வந்து சேராத பிள்ளைகளின் வயதெல்லாம் மனதில் ஓடியது. எனக்குச் சரியான கோபம் வந்தது உன்னில். வாளியை முன்னுக்குத் தள்ளு என்று மட்டும் சொன்னேன்.

ஜோவை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். அந்த மனிதர் இல்லாவிட்டால் மைக்கலும் இல்லை. ஆனால் ஒத்திகையில் பெல்ட்டோடு இருந்தவர். அப்பா என்று கூப்பிடவும் விடவில்லை, பிள்ளைகளுக்கு அவர் "ஜோசப்". 2001இல் ஒக்ஸ்போர்ட்டில் பேசியபோது மைக்கல் தகப்பனின் கண்டிப்பைச் சொல்லிவிட்டு, இன்னொன்றும் சொன்னார். சின்னவயதில் அவருக்கு டோனட் என்றால் உயிர். ஒருநாள் காலையில் எழும்பி வந்து பார்த்தால், குசினி மேசையில் ஒரு பை டோனட். தகப்பன் வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அத்தனை புகழையும் கண்ட மனிதர், நாற்பது தாண்டியும் அந்தப் பையைப் பற்றிப் பேசுகிறார். மருமகன் பெல்ட் எடுக்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் மனேச்சராகிவிட்டால் வீட்டில் அப்பாவாக யார் இருப்பது என்று நீதான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

பெயர் விஷயத்தையும் மறந்துவிடாதே. எழுபதுகளின் நடுவில் சகோதரர்கள் மோட்டவுனை விட்டு வெளியேறியபோது 'ஜக்சன் 5' என்ற கோஷ்டிப் பெயரைக் கொண்டுபோக முடியவில்லை. அது கம்பனிக்காம். பெயரை மாற்றிக்கொண்டு போனார்கள். ஜெர்மைன் என்ற அண்ணன் கம்பனி முதலாளியின் மகளைக் கட்டியவர், அவர் அங்கேயே நின்றுவிட்டார். உங்கள் பிள்ளைகளின் குழுப் பெயரும் யூரியூப் கணக்கும் யாருடையவை என்று எழுத்தில் வாங்கு. காசும் அப்படித்தான். ஜக்கி கூகன் என்று சார்லி சப்ளினோடு படத்தில் நடித்த பிள்ளை, அவன் உழைத்ததைத் தாயும் மாற்றாந்தகப்பனும் செலவழித்துவிட்டார்கள். அந்த வழக்குக்குப் பிறகு 1939இல் கலிபோர்னியாவில் சட்டமே கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே பிள்ளையின் சம்பளத்தில் 15 வீதத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கவேண்டும். கனடாவில் உங்கள் ஒன்ராறியோவிலும் குழந்தைக் கலைஞர்களுக்கென்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அங்கே ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் பேனையை எடுக்காதே. முதலில் கோடை விடுமுறைக்கு மட்டும் பார்ப்போம் என்று சொல்லு. உண்மையாகவே பிள்ளையில் விருப்பம் என்றால் வந்தவர் சம்மதிப்பார்.

இன்னொன்று. கிற்றார்க் கம்பியை அறுத்த டிட்டோ தன் பெயரில் முதல் அல்பம் வெளியிட்டது 2016இல், அறுபது வயது தாண்டி. எனக்கு அதைக் கேட்டதும் நம்முடைய மூத்தவன்தான் நினைவில் வந்தான். நீ அனுப்புகிற வீடியோக்களில் அவன் கை மட்டும்தான் தெரிகிறது, தலை படத்துக்கு வெளியே. கடைசி வீடியோவில் சரணத்துக்கு முந்தி ஓர்கனில் ஒரு துண்டு வாசிக்கிறானே, அது கேட்ட மெட்டு மாதிரி இல்லை. அவனே போட்டதாக இருக்கவேண்டும். பள்ளிக்கூடத்தால் வந்ததும் எனக்கு ஒருக்கால் போன் எடுக்கச் சொல்லு. பக்கத்தில் நின்று நீ எடுத்துக் கொடுக்கவேண்டாம், அவன் தமிழிலேயே திக்கித் திணறிச் சொல்லட்டும், எனக்கு நேரம் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் போடு.

அன்புடன்,
அம்மா