வார்டு ஆயாம்மாவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று கடைசி டெங்குக் குழந்தையும் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போய்விட்டது. வராந்தாவில் போட்டிருந்த கூடுதல் கட்டில்களை எடுத்துவிட்டார்கள். இந்த மழைக்காலம் எங்கள் குழந்தைகள் வார்டில் எப்படிப் போனது என்று கூட இருந்தவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆறப்போட்டால் எழுத மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

பெரியவர்கள் வார்டிலிருந்து மாற்றலாகி வந்த நர்ஸ் நான். அங்கே லைன் போடுவது, அதாவது ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் ஊசி குத்தி வழி செய்வது, ஒரு பெரிய விஷயமே இல்லை. கையை நீட்டுவார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், முடிந்தது. எட்டு மாதக் குழந்தை அப்படியா? புறங்கை முழுக்கக் கொழுகொழுவென்று சதை. நரம்பு கண்ணுக்கே தெரியாது. ஊசிமேல் மெல்லிய ட்யூப் மாட்டிய வென்ஃப்ளானில் சின்ன சைஸான 24 நம்பர் மஞ்சள்கூட அந்தக் கைக்குப் பெரிதாகத் தெரியும். போதாக்குறைக்கு அம்மா, அப்பா, பாட்டி, அத்தை என்று ஒரு குடும்பமே கட்டிலைச் சுற்றி நிற்கும். டெங்குவில் குடிக்க முடிகிற குழந்தையை ஓஆர்எஸ், இளநீர் என்று கொடுத்துச் சமாளிக்கலாம். வாந்தி நிற்காத குழந்தைக்கும் பிபி இறங்குகிற குழந்தைக்கும் லைன் வேண்டும், அதுவும் உடனே. பிபி இறங்க இறங்க நரம்பும் சுருங்கிக்கொள்ளும் என்பதுதான் கொடுமை. ட்ரேயைத் தள்ளிக்கொண்டு போகும்போதே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

ஆயாம்மா, இனி எழுதுவது உங்களுக்கு. உங்கள் பேத்தியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்று நைட் டூட்டி. நான் கட்டில்மேல் குனிந்து ஒரு பாப்பாவின் கையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தரை துடைத்துக்கொண்டிருந்தீர்கள். மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டீர்கள். "நின்னுக்கினு போடாத கண்ணு. குந்து. குந்திக்கினு போடு."

அவ்வளவுதான் நீங்கள் சொன்னது. உட்கார்ந்தேன். முழங்கை மெத்தையில் பதிந்தது, மணிக்கட்டு நடுக்கம் நின்றது. குழந்தைகளுக்கு நரம்பு தோலுக்கு ஒட்டினாற்போல இருக்கும். ஊசியை ஏறக்குறைய படுக்கவைத்துத்தான் உள்ளே விட வேண்டும். நின்றுகொண்டு குனிந்தால் கை தானாகச் செங்குத்தாக இறங்கும், நரம்பின் மறுபக்கம் போய்விடும். இதை நான் படித்திருக்கிறேன், பரீட்சையிலும் எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கு ஒரு ஸ்டூல் வேண்டும் என்று எந்த வகுப்பிலும் யாரும் சொன்னதில்லை.

அப்புறம் சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினீர்கள். "அம்மா மட்டும் இருக்கட்டும். நீங்கள்லாம் போய் டீ குட்ச்சிட்டு வாங்க." ஒரு அதட்டல்கூட இல்லை, எல்லோரும் போய்விட்டார்கள். டாக்டர் சொல்லியே போகாதவர்கள்! பாப்பாவை பெட்ஷீட்டில் சுற்றி, ஒரு கையை மட்டும் வெளியே விட்டு, அம்மா மடியில் வைத்தீர்கள். ஒரு கையால் மணிக்கட்டுக்குக் கீழே, இன்னொரு கையால் முழங்கைக்கு மேலே பிடித்தீர்கள். அழுத்தவே இல்லை, ஆனால் அந்தக் கை அசையவும் இல்லை. வென்ஃப்ளானின் பின்பக்கம் ரத்தம் சின்னப் பொட்டாக எட்டிப்பார்த்தது. எனக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "வந்துச்சு பாரு. அவசரப்படாத." ஊசியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, துளி முன்னால் நகர்த்தி, பிறகு ட்யூபை மட்டும் வழுக்கி உள்ளே விட்டேன். லைன் சரியா என்று பார்க்க ஏற்றும் உப்புத் தண்ணீர் ஃப்ளஷ் தடையில்லாமல் போனது. நான் பிளாஸ்டர் ஒட்டி முடிப்பதற்குள் நீங்கள் மாப்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டீர்கள்.

அதற்குப் பிறகு என் ட்ரே உருளும் சத்தம் கேட்டாலே பின்னால் ஸ்டூல் இழுபடும் சத்தமும் கேட்கும். இது உங்கள் வேலை இல்லை. யாரும் சொல்லவும் இல்லை, எக்ஸ்ட்ரா காசும் இல்லை. நான் ஒருமுறையாவது தேங்க்ஸ் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

மற்றவர்களையும் சொல்லிவிடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடு, தொட்டால் மெத்தென்று எழும்பிக் கொடுப்பதுதான் நரம்பு என்று சொல்லித்தந்த இன்சார்ஜ் சிஸ்டர். கணுக்காலுக்கு முன்னால் ஓடும் அந்த ஒரு நரம்பை மறக்காதே, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அங்கேதான் இருக்கும் என்று சொன்ன அனஸ்தீசியா டெக்னீஷியன். இரண்டு தடவைக்கு மேல் ஒருவரே குத்தக் கூடாது, கை மாற்றுங்கள் என்ற விதியை முதலில் தனக்கே போட்டுக்கொண்ட, மேற்படிப்பு படிக்கும் பிஜி டாக்டர். விரல் சப்பும் கை எது என்று கேட்டுவிட்டு லைன் போடுங்கள் சிஸ்டர் என்ற அந்த வியாசர்பாடி அம்மா. அன்றிலிருந்து எல்லா அம்மாக்களிடமும் கேட்கிறேன். வலது கை வேண்டாம், அதில்தான் கேம் ஆடுவேன் என்று பேரம் பேசிய வாண்டு. தாம்பரம் ரயிலில் தூங்கி வழிந்த என்னைத் தினமும் எழுப்பி இறக்கிவிட்ட, பெயர் தெரியாத அக்கா. எல்லோருக்கும் நன்றி.

இப்போதும் பயம் முழுக்கப் போய்விடவில்லை. போகவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உட்கார்ந்தவுடன் கை தன் வேலையைத் தானே பார்க்கிறது. அடுத்த பேட்சில் புதுப்பெண்கள் வருவார்கள். அவர்கள் லைன் போடும்போது எதிரே நின்று "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். ஆயாம்மா மாதிரி குழந்தையின் கையைப் பிடிக்கிற ஆளாக நிற்பேன். இதை எழுத்தில் கொடுத்துவிட்டேன், இனி மாற முடியாது.

கடைசியாக, செக்யூரிட்டி அண்ணன். அந்த ஸ்டூல் உங்களுடையது என்பதும், அத்தனை ராத்திரியும் கேட்டருகே நீங்கள் நின்றுகொண்டே இருந்தீர்கள் என்பதும் எனக்குப் போன வாரம்தான் தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. சம்பளம் வந்ததும் பாரிமுனை போய் வார்டுக்கு இரண்டு ஸ்டூல் வாங்குகிறேன். அடியில் 'குழந்தைகள் வார்டு' என்று நெயில் பாலிஷில் எழுதிவைப்பேன். ஓபிக்காரர்கள் கை வைக்கக் கூடாது.