ஏப்ரல் 15 வரை அவசரப்படுத்த வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி.க்கு இடம் கிடைத்திருப்பதாகக் கடிதம் வரும்போது பெற்ற மனம் பூரிக்கிறது. முன்பின் அறியாத பேராசிரியர்கள் நம் பிள்ளையின் எழுத்தைப் படித்து, ‘இவர் ஆய்வு செய்யத் தகுந்தவர்’ என்று முடிவு செய்திருக்கிறார்களே, பூரிக்காமல் எப்படி இருக்க முடியும்? ஆனால் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் கடிதம் வந்த அன்றே அதை உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். பத்து நாள் கழித்து, அவ்வளவு பெயர் இல்லாவிட்டாலும் ஆய்வுக்குப் பொருத்தமான இடம் ஒன்று வந்தால், ‘ஊரெல்லாம் சொல்லியாச்சே’ என்ற தயக்கம் பிள்ளையின் கையைக் கட்டிவிடுகிறது. பல பெற்றோர் இதை உணர்வதே இல்லை.

அவசரப்பட வேண்டிய தேவையும் இல்லை. முதுநிலை, ஆய்வுப் படிப்புகள் நடத்தும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பான ‘கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ்’ வெளியிட்ட ஏப்ரல் 15 தீர்மானத்தில் அங்குள்ள ஏராளமான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்டிருக்கின்றன. உதவித்தொகையுடன் இடம் பெற்ற மாணவர் அந்தத் தேதிக்கு முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. முன்பே ஒப்புக்கொண்டிருந்தாலும், ஏப்ரல் 15 வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். இடம் கொடுத்த பல்கலைக்கழகம் கையெழுத்திட்டவர்களின் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று கவனிக்கவும்: இது உதவித்தொகைக்கான தீர்மானம். சொந்தச் செலவில் எம்.எஸ். படிக்கப் போகிறவர்களுக்குத் துறைகள் வேறு கெடு வைக்கலாம்.

கிடைக்கும் நாட்களில் பெற்றோர் உருப்படியாகச் செய்யக்கூடியது, கடிதத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிப்பது. உதவித்தொகை 9 மாதத்துக்கா, 12 மாதத்துக்கா? ஆண்டுக்கு 27,000 டாலர் என்று ஒரு கடிதம் சொன்னால், 9 மாதத்துக்கு மாதம் 3,000. கோடையில் வேறு வருமானம் இல்லாவிட்டால் அதையே 12 மாதத்துக்கு இழுக்க வேண்டும், மாதம் 2,250தான். கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி என்றாலும், பருவந்தோறும் கட்ட வேண்டிய இதர கட்டணங்களும் மருத்துவக் காப்பீடும் தனியாக இருக்கக்கூடும். எத்தனை ஆண்டுக்கு உறுதி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. ‘நிதி இருப்பைப் பொறுத்து’ என்ற சொற்கள் எங்காவது ஒளிந்திருந்தால் அதன் பொருளைத் துறை அலுவலகத்திடமே கேட்டுவிடலாம். கேட்பதால் இடம் பறிபோகாது.

டாலரை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் இங்கே ஏமாற்றும். பிள்ளை வாடகை கொடுக்கப் போவது டாலரில். எம்.ஐ.டி. நடத்தும் வாழ்வூதியக் கணக்கீட்டுத் தளத்தில் (Living Wage Calculator) மாவட்டவாரியாக வாழ்க்கைச் செலவு இருக்கிறது, அதோடு ஒப்பிடுங்கள். பற்றாக்குறையை வெளிவேலை பார்த்து ஈடுகட்டலாம் என்பது பலர் செய்யும் தவறான கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் பருவக் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். உதவித்தொகைக்காகச் செய்யும் கற்பித்தல் உதவியாளர் பணியே பெரும்பாலும் அந்த 20 மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரியது நெறியாளர் தேர்வு. தரவரிசை பல்கலைக்கழகத்துக்கு, பிள்ளை ஐந்தாறு ஆண்டு வேலை செய்யப் போவது ஒரு பேராசிரியரிடம். அவரிடம் சமீப ஆண்டுகளில் எத்தனை பேர் பட்டம் முடித்தார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், இடையில் விட்டுப் போனவர்கள் உண்டா? இந்தக் கேள்விகளைப் பேராசிரியரிடம் மட்டுமல்லாமல், அவருடைய இப்போதைய மாணவர்களிடம் தனியாக, காணொளி அழைப்பில் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள். பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடலாம், அவருடைய ஆய்வு நிதி தீர்ந்துபோகலாம். ஒரே ஒருவரை நம்பி ஒரு துறைக்குப் போனவர்கள் அப்போது நடுவழியில் தலைப்பையே மாற்ற நேர்கிறது. தம் ஆர்வத்துக்கு ஒத்த பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேராவது இருக்கும் துறை பாதுகாப்பானது.

இந்த உரையாடல்களைப் பிள்ளைதான் நடத்த வேண்டும். பெற்றோர் துறைக்கு மின்னஞ்சல் அனுப்புவதும், அழைப்பில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதும் கூடாது. ஆய்வு மாணவராக அவர் முதன்முதலில் பேசும் பேச்சு அது. வீட்டில் ‘நீ எந்த இடத்தைச் சொன்னாலும் எங்களுக்குப் பெருமைதான்’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அவர் மனதில் இருக்கும் கல்லூரியின் பெயர் தானாக வெளியே வரும்.

முடிவு செய்தவுடன் மற்ற இடங்களுக்கு உடனே மறுப்பு எழுதச் சொல்லுங்கள். இரண்டு வரி நன்றி போதும். அந்த மடல் போனால்தான் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு அந்த இடம் போகும். அதன்பிறகு வாட்ஸ்அப் குழுவில் தாராளமாகப் போடலாம்.

இப்படிக்கு,
ஆய்வு மாணவர் ஒருவரின் பெற்றோர்